லாங்வுட் சோலைக்குப் போவதற்கு முன்

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத உறுப்பினர்களுக்காகவும் இங்கே வெளியிடப்படுகிறது.)



இந்த ஆண்டு சங்கத்தின் ஒருநாள் சுற்றுலாவுக்குக் கோத்தகிரிப் பக்கம் உள்ள லாங்வுட் சோலைக்குப் போகலாம் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். நோட்டீஸ் போர்டில் அது ஒட்டப்பட்ட நாளிலிருந்து மூன்று கேள்விகள் என்னைத் துரத்துகின்றன. "அது எங்கே சார் இருக்கு?" "அங்கே பார்க்க என்ன இருக்கு?" "சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?" மூன்றுக்கும் பதில் சொல்லத்தான் செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். புளிசாதமும் தயிர்சாதமும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறோம். கோத்தகிரி டவுனில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். காட்டுக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூடப் பிரிக்கப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

எங்கே இருக்கிறது? இங்கே கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து ஊட்டிக்குப் போகிற கூட்டமெல்லாம் குன்னூர் ரோட்டில் திரும்பும்போது நாம் கோத்தகிரி ரோட்டில் ஏறுகிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். ஊர் சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. டவுனிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் இந்தச் சோலை. சுற்றிலும் தேயிலைத் தோட்டம், வீடுகள், ரோடு. நடுவில் ஒரு கரும்பச்சைத் திட்டு. முதல்முறை பார்ப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விட்டு, "சோலை எங்கே?" என்று விசாரிப்பார்கள்.

அதன் பரப்பு 116 ஹெக்டேர், அதாவது சுமார் 287 ஏக்கர். நம்முடைய உக்கடம் பெரியகுளத்தை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் குளத்தைவிடச் சற்றுச் சிறிய காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன இடத்துக்கு 2024 ஜனவரி கடைசியில் ஒரு பெரிய பெயர் கிடைத்தது. ராம்சார் தளம் என்று அறிவித்தார்கள். ராம்சார் என்பது ஈரான் நாட்டில் காஸ்பியன் கடற்கரையில் உள்ள ஊர். 1971 பிப்ரவரி 2-ஆம் தேதி உலக நாடுகள் அங்கே கூடி, ஈரநிலங்களைக் காப்பாற்றுவதற்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அந்தப் பட்டியலில் நம் மாநிலத்திலிருந்து வேடந்தாங்கல், கோடியக்கரை, பள்ளிக்கரணை எல்லாம் இருக்கின்றன. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியும் லாங்வுட் சோலையும் ஒரே நாளில் சேர்ந்தன. அவற்றோடு தமிழ்நாட்டின் ராம்சார் தளங்கள் 16 ஆயின.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். வேடந்தாங்கல் ஏரி. பள்ளிக்கரணை சதுப்பு நிலம். கோடியக்கரை கடற்கரை. எல்லாமே தண்ணீர் நிற்கும் இடங்கள். மலைமேல் இருக்கிற ஒரு காட்டை எப்படி ஈரநிலம் என்று சொன்னார்கள்? அங்கே ஏரி கிடையாது. படகு கிடையாது. அருவியும் கிடையாது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நீலகிரியின் மேல்மட்டத்தில் இயற்கையாக இரண்டுதான் இருந்தன. சரிவுகளிலும் மேடுகளிலும் புல்வெளி. இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளமாக மடங்குகிற இடத்தில் மட்டும் காடு. அந்தப் பள்ளத்துக் காட்டுக்குத்தான் சோலை என்று பெயர். நம் தமிழ்ச் சொல்லைத்தான் ஆங்கிலேய வன அதிகாரிகள் 'ஷோலா' என்று எழுதிக்கொண்டார்கள். இன்று உலகம் முழுக்கத் தாவரவியல் புத்தகங்களில் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை வெளிநாடு போய் வேறு உச்சரிப்போடு திரும்பி வந்த மாதிரி.

"புல்வெளி சும்மாதானே கிடக்கிறது, அதிலும் மரம் வைக்கலாமே" என்று யாருக்கும் தோன்றும். அந்தக் காலத்திலும் அப்படித்தான் தோன்றியது. 1840-களிலிருந்தே ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டுவந்தார்கள். சீகை என்றால் வாட்டில். தைல மரம் என்றால் யூகலிப்டஸ். விறகுக்கு ஆச்சு, தோல் பதனிடப் பட்டைக்கு ஆச்சு என்று மலையெல்லாம் நட்டார்கள். மிச்ச இடத்தைத் தேயிலையும் காய்கறித் தோட்டமும் கட்டிடங்களும் எடுத்துக்கொண்டன. ஆனால் அந்தப் புல்வெளி வெறும் காலிமனை அல்ல. நீலகிரியின் சதுப்புகளில் தோண்டி எடுத்த கரிமண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே புல் இருந்ததற்கான தடயத்தைக் கண்டிருக்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில் திறந்தவெளியில் உறைபனி விழும். அந்தப் பனியில் சோலை மரத்தின் கன்று பிழைக்காது. தாய்மரங்களின் நிழலில், ஈரத்தில், காற்றுக்கு ஒதுங்கிய பள்ளத்தில்தான் அது முளைக்கும். அதனால் ஒரு சோலையை வெட்டிவிட்டு, "பிறகு நட்டுக்கொள்ளலாம்" என்று சொல்வது அத்தனை சுலபமில்லை.

இப்போது தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். சோலைக்குள் நீங்கள் கால் வைத்ததும் முதலில் தெரிவது, காலுக்குக் கீழே தரை அமுங்குவது. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் எனக்கு அதுதான் முதலில் தெரிந்தது. பழைய இலவம்பஞ்சு மெத்தைமேல் நடப்பது போல இருக்கும். ஆண்டாண்டு காலமாக விழுந்த இலை, மக்கியது பாதி, மக்காதது பாதி. அதற்குக் கீழே கருப்பு மண். அதற்குள் ஒன்றோடொன்று பின்னிய வேர். மரங்கள் அப்படியொன்றும் உயரமில்லை. கோணல்மாணலாக வளைந்து, உடம்பெல்லாம் பாசி பிடித்து, கிளைகளில் ஆர்கிட் செடிகள் தொற்றிக்கொண்டு நிற்கும். தளிர் விடும் காலத்தில் மேலேயிருந்து பார்த்தால் சோலையின் தலை சிவப்பும் செம்புநிறமுமாக இருக்கும்.

மழை பெய்தால் முதல் துளி தரையில் விழாது. இலை வாங்கும், பாசி வாங்கும், கிளை வழியே தண்டுக்கு வரும், தண்டு வழியே மெத்தைக்கு இறங்கும். மழையே இல்லாமல் வெறும் மூடுபனி வந்தாலும், இலைகளிலும் பாசியிலும் அது படிந்து சொட்டும். மெத்தை அதையும் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு உள்ளே வாங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்துக்குக் கசியவிடும். அந்தக் கசிவெல்லாம் சேர்ந்து ஒரு சின்ன ஓடையாகும். புல்வெளியும் இதே வேலையில் பாதியைச் செய்கிறது. மேட்டில் விழும் மழையைப் புல்லின் வேர் மண்ணுக்குள் இறக்கிவிட, அது பள்ளத்துச் சோலைக்கு வந்து சேர்கிறது. வாங்குகிற வேகத்தையும் விடுகிற வேகத்தையும் கவனியுங்கள். ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டியதை அது பங்குனி வரை வைத்துக் கொடுக்கிறது. இதனால்தான் காடாக இருந்தும் அதை ஈரநிலம் என்றார்கள்.

நம் வீட்டுப் பாஷையில் சொன்னால் அது ஒரு சம்ப். மூடி கிடையாது, மோட்டார் கிடையாது, கரண்ட் பில் கிடையாது. லாங்வுட்டுக்குக் கீழே இருக்கும் பல கிராமங்களுக்கு அந்தச் சம்ப்பிலிருந்துதான் குடிநீர் போகிறது.

இந்த இடத்தில் மரம் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஊட்டியில் மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அவர்கள் கிளென்மார்கன் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை இயற்கையாக விட்டு, இன்னொன்றில் பாதிக்கு மேற்பட்ட இடத்தில் தைல மரம் நட்டு, இரண்டிலிருந்தும் வெளியேறும் ஓடைத் தண்ணீரைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில், தைல மரம் நட்ட பக்கம் தண்ணீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மரங்களை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் அது இன்னும் அதிகமாகக் குறைந்தது. பச்சையாக இருப்பதெல்லாம் சோலையாகிவிடாது. எந்த மரம், எந்த இடத்தில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதெல்லாம் கோத்தகிரிக்காரர்கள் பாடு, நமக்கு என்ன என்று கேட்கலாம். கோவைக்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீரின் பெருமையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூர் உறவினர் வந்தால் முதல் டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்கிற ஊர் இது. அந்தத் தண்ணீர் வருவது முத்திக்குளம் மலைக்காட்டிலிருந்து. நகரின் இன்னொரு பெரிய ஆதாரம் பில்லூர் அணை. அது பவானி ஆற்றில் இருக்கிறது. நீலகிரியின் குந்தா பக்கத்து நீரெல்லாம் அங்கே வந்து சேர்கிறது. லாங்வுட்டின் ஓடை நேராக நம் குழாய்க்கு வருகிறது என்று சொன்னால் அது பொய். கோத்தகிரி மலையின் ஓடைகள் எந்தப் பக்கம் இறங்கினாலும், மாயாற்றிலோ பவானியிலோ கலந்து கடைசியில் பவானிசாகர் போய்ச் சேரும். நம் குழாயில் வருவது அதே மலையின் வேறொரு பக்கத்துத் தண்ணீர். ஆனால் சூட்சுமம் ஒன்றுதான். குந்தா பக்கம் போய் அணைகளைத் தாண்டிக் காட்டுக்குள் இதைப் பார்ப்பது நம்மால் ஆகாது. கோத்தகிரியில் இருக்கும் இந்தச் சின்னத் திட்டில் அதைக் கண்ணால் பார்க்கலாம். அதனால்தான் இந்த இடத்தை எழுதிக் கொடுத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நம்மைப் போன்ற ஒரு சங்கத்துக்கு அதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். ஊரை ஒட்டி இருக்கிற காட்டுக்கு என்னென்ன கஷ்டம் வரும் என்று உங்களுக்கே தெரியும். விறகு வெட்டுவார்கள். மாடு விடுவார்கள். குப்பை கொட்டுவார்கள். ஓரம் ஓரமாக வேலி நகர்ந்து உள்ளே வரும். லாங்வுட்டுக்கும் அதெல்லாம் வந்தது. அப்போது அந்த ஊர்க்காரர்களே ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். வனத்துறையோடு சேர்ந்து பல ஆண்டுகளாகக் கண்காணித்தார்கள், அந்நியச் செடிகளைப் பிடுங்கினார்கள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல வேலைக்குப் போய்க்கொண்டும் ஓய்வு பெற்றும் இருந்த சாதாரண மனிதர்கள். கூட்டம் போட்டால் பாதிப் பேர்தான் வந்திருப்பார்கள். தீர்மானம் போட்டால் இரண்டு பேர் எதிர்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு குழு விடாமல் பிடித்துக்கொண்டதால் நின்ற காடு, உலகப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

பறவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் சங்கத்தில் கேமரா வைத்திருக்கிற இளைஞர்கள் இதற்காகவே கை தூக்கினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிற பறவை இனங்கள் 26 என்று ஒரு கணக்கு. அதில் 14 இந்த 287 ஏக்கருக்குள் இருக்கின்றன. நீலகிரி சிரிப்பான் என்று ஒரு பறவை. பெயருக்கு ஏற்றபடி, ஒன்று ஆரம்பித்தால் கூட்டமாகச் சிரிப்பது போலக் கத்தும். அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட பறவை அது. நீலகிரியின் நீல ராபின் என்கிற சின்னக் குருவியும் அப்படித்தான். நிழலான தரையில், புதருக்கடியில் தத்தித் தத்திப் போகும். நீலகிரிக் காட்டுப்புறாவையும் பார்க்கலாம். ஒன்று நினைவிருக்கட்டும். இந்த நீல ராபின் பறந்து போய் வேறு ஊரில் குடியேறுகிற பறவை அல்ல. மலைமேல் அதற்குச் சோலைதான் வீடு. ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவே தேயிலையும் ரோடும் வந்துவிட்டால் அதற்கு அது கடல் தாண்டுவது மாதிரி.

சரி, இத்தனை நல்ல இடம் என்றால் ஒரு பெரிய பஸ் வைத்து ஐம்பது பேர் போய்விடலாம் என்று சுற்றுலாக் குழுவில் பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைத்தான் இன்று மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன்.

ஐம்பது பேர், நூறு கால்கள். அந்த மெத்தை போன்ற தரைமேல் ஒரே வழியில் நூறு கால்கள் நடந்தால் அது இறுகிவிடும். இறுகிய மண்ணில் மழை இறங்காது, மேலே ஓடும். வழி வழுக்கியதும் ஓரத்தில் ஏறி நடப்போம். வழி அகலமாகும். அங்கே வெயில் விழும். வெயில் விழுந்த இடத்தில் உண்ணிச்செடி முளைக்கும். இது ஒரு நாளில் நடப்பதில்லை. ஆனால் நம்மைப் போல ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சங்கம் வந்தால்? பெயர் தெரியாத வரைக்கும் இந்த இடம் தப்பித்தது. இப்போது பெயர் கிடைத்துவிட்டது. ராம்சார் என்று போர்டு வைத்ததும் கூட்டம் வரும், கூட்டம் வந்ததும் கடை வரும், கடை வந்ததும் பார்க்கிங் கேட்பார்கள். ஊட்டியில் இதைத்தானே பார்த்தோம்? வண்டிகள் அளவுக்கு மீறி ஏறியதால்தான், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. சொந்த வண்டியில் போகிறவர்கள் பதிவு செய்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டியிருக்கிறது.

"அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே" என்று என் மனைவியே கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் பார்க்காத ஒன்றுக்காக யாரும் குரல் கொடுப்பதில்லை. நாளைக்கு மலையில் எங்கோ ஒரு சோலையை வெட்டி ரிசார்ட் கட்டுகிறார்கள் என்று செய்தி வந்தால், பார்த்தவர் அந்தச் செய்தியை நின்று படிப்பார். மற்றவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். நம் பிள்ளைகள் நின்று படிக்கிறவர்களாக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்காக, எப்படிப் போவது என்பதில் சில யோசனைகள் வைக்கிறேன்.

முதலாவது, பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரு தடவையில் வேண்டாம். ஐந்து தடவையாகப் பிரித்துக்கொள்வோம். செயலாளருக்கு வேலை கூடும், மன்னிக்கவும்.

இரண்டாவது, இது காப்புக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போகக்கூடாது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் ஆள் அனுப்பினால் அவர் சொல்கிற வழியில் மட்டும் நடப்போம். அனுமதி கிடைக்காவிட்டால் வெளியே ரோட்டில் நின்று பார்த்துவிட்டு வருவோம். அதுவும் ஒரு பயணம்தான்.

மூன்றாவது, தனிப் பஸ் வேண்டாம். மேட்டுப்பாளையம் வரை ரயிலில் போகலாம். அங்கிருந்து கோத்தகிரிக்கு அரசு பஸ் இருக்கிறது. அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் கவலையும் இல்லை. குழந்தைகளுக்கு ரயிலும் பஸ்ஸும் இரட்டைக் கொண்டாட்டம்.

நான்காவது, எந்த மாதம் என்பது. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல், மே சீசன் கூட்டம். தை, மாசிதான் சரி. இன்னொரு காரணத்துக்காகவும் அந்த மாதங்களைச் சொல்கிறேன். வாரக்கணக்கில் மழை இல்லாமல் வானம் நீலமாக இருக்கும்போது போனால்தான், அந்த ஓடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். மழைக்காலத்தில் போனால் அந்தக் கேள்வியே எழாது.

ஐந்தாவது, கையில் என்ன எடுத்துக்கொள்வது. வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். வழுக்காத ஷூ, முழுக்கால் சட்டை. ஈரமாக இருந்தால் அட்டை ஏறும், பயப்படத் தேவையில்லை. கொஞ்சம் உப்பு எடுத்துக்கொண்டால் போதும். கோத்தகிரியில் காட்டெருமை தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே மேயும். பார்த்தால் அமைதியான மாடு மாதிரிதான் தெரியும். செல்ஃபி எடுக்கக் கிட்டே போனால் அது மாடு இல்லை என்று அதுவே தெரியப்படுத்திவிடும். புளூடூத் ஸ்பீக்கர் வீட்டிலேயே இருக்கட்டும். சென்ட் அடித்துக்கொண்டு வர வேண்டாம். செடியோ, விதையோ, அழகாக இருக்கிறதென்று ஒரு பாசிக் கல்லோ எடுத்து வரக்கூடாது.

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் என்ன செய்வது என்று கேட்டார்கள். உள்ளே அரைமணி நேரம் நடந்தாலே போதும், நிற்கிற நேரம்தான் அதிகம். அதுவும் முடியாதவர்கள் சோலையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கலாம். பறவைச் சத்தம் அங்கேயும் கேட்கும். பதினைந்து நிமிடம் யாரும் பேசாமல் நிற்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்வோம். நம் சங்கக் கூட்டத்தில் ஒருமுறைகூட நடக்காத காரியம், காட்டிலாவது நடக்கிறதா பார்ப்போம்.

கடைசியாக ஒரு விஷயம். இது சுற்றுலாக் குழுவுக்கு அல்ல, பொதுக்குழுவுக்கே.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக, பூங்காவின் மேற்கு மூலையில் பேவர் பிளாக் பதித்துக் கார் நிறுத்த இடம் ஒதுக்குவது என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. கார் வைத்திருப்பவர்களின் கஷ்டம் எனக்கும் தெரியும், எனக்கும் ஒரு கார் இருக்கிறது. ஆனால் அந்த மூலையில் இரண்டு புங்க மரமும் ஒரு வேப்ப மரமும் நிற்கின்றன. நம் காலனியில் மண் தெரிகிற ஒரே பெரிய இடம் அதுதான். மழை பெய்தால் மூன்று தெருத் தண்ணீரும் அங்கேதான் வந்து இறங்குகிறது. போன கோடையில் எத்தனை லாரித் தண்ணீர் வாங்கினோம் என்று பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது கேட்டீர்கள். 2003-இலேயே மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கிய மாநிலம் இது. நம் வீடுகளில் எத்தனை தொட்டிகள் இன்று வேலை செய்கின்றன? குழாய் இருக்கும், தொட்டியில் சிமென்ட் மூட்டை இருக்கும்.

அந்த மூலையில் விழும் இலையைத் தினமும் கூட்டிக் குவித்து எரிக்கிறோம். புகை வருகிறது என்று புகார் வேறு. எரிக்க வேண்டாம், அங்கேயே மரத்தடியில் பரப்பிவிடுங்கள். இரண்டு மழைக்காலம் போகட்டும். கைவிட்டுப் பாருங்கள், மண் மெத்தென்றிருக்கும். சோலையாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நம் மூன்று மரம் எங்கே, அந்தக் காடு எங்கே. ஆனால் மழை இறங்கும். போர்வெல்லுக்கு அது போதும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. லாங்வுட் பயணத்தைப் பன்னிரண்டு பேர் வீதம், தை, மாசி மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழாவது தீர்மானத்தை முதல் குழு போய்வந்த பிறகு நடக்கும் கூட்டத்துக்குத் தள்ளிவையுங்கள். போய்வந்தவர்களும் பேவர் பிளாக்தான் வேண்டும் என்றால், நானும் கை தூக்கிவிடுகிறேன்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் எழுதுங்கள். முதல் குழுவில் குழந்தைகளுக்கும் அவர்களை அழைத்துவரும் தாத்தா பாட்டிகளுக்கும் முன்னுரிமை. டீ வந்துவிட்டது.